1963-ல் பூட்டிய குகை... இன்றும் தேடி வரும் கூட்டம்! பிரான்ஸ் கிராமத்தில் ஓர் அதிசயம்

பிரான்ஸ் என்றதும் பலருக்கும் ஈஃபில் டவர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்த நாட்டின் தென்மேற்கில், வால்நட் தோப்புகளும் சுண்ணாம்புப் பாறைகளும் நிறைந்த தோர்தோன் பகுதியில் மோந்தினியாக் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே இறங்கும் டூரிஸ்ட்டுகள் விசாரிப்பது லாஸ்கோ குகையைத்தான். அந்தக் குகைக்குள் விடமாட்டார்கள் என்று தெரிந்தேதான் வருகிறார்கள்!

நான்கு பையன்கள்... ஒரு பள்ளம்!

1940 செப்டம்பர். இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ், ஜெர்மனியிடம் தோற்றிருந்த நேரம். 18 வயது மார்செல் ரவிதா, ஊரை ஒட்டிய குன்றில் ஒரு பள்ளத்தைக் கவனித்தார். அவருடைய நாய்தான் அதைக் காட்டிக்கொடுத்தது என்றொரு கதையும் உண்டு. செப்டம்பர் 12-ம் தேதி மூன்று நண்பர்களோடு திரும்பி வந்தவர், துவாரத்தைப் பெரிதாக்கி உள்ளே இறங்கினார்.

விளக்கு வெளிச்சத்தில் சுவரெங்கும் காளைகள், குதிரைகள், மான்கள்! சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்டவை என்று கணிக்கப்படுகிறது. ஒரு காளை மட்டுமே 5 மீட்டருக்கு மேல் நீளம். காவி மண்ணும் மாங்கனீஸும்தான் வண்ணங்கள். கொழுப்பு ஊற்றி எரித்த கல் விளக்குதான் வெளிச்சம்.

மூச்சுக்காற்றே எதிரியானது!

1948-ல் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ரவிதாவும் அவருடைய நண்பர் ழாக் மார்சாலும் அங்கேயே கைடுகளாக வேலை பார்த்தார்கள். 1950-களில் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 பேர் வந்து குவிந்தார்கள்.

சிக்கலே அங்குதான் ஆரம்பித்தது. இத்தனை பேரின் உடல் சூடும், மூச்சில் வெளியேறும் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் குகைக்குள் தேங்கின. அந்த ஈரக்காற்று சுண்ணாம்புச் சுவரை அரித்தது. ஓவியங்கள் மீது வெள்ளைப் படலம் படிந்தது. விளக்கு வெளிச்சத்தில் பச்சைப்பாசியும் வளர்ந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஓவியங்கள், பார்க்க வந்தவர்களின் 15 ஆண்டுகளில் ஆட்டம் கண்டன.

1963-ல் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூட உத்தரவிட்டார். வருமானத்தைவிட ஓவியங்கள் முக்கியம் என்று எடுத்த முடிவு அது. பூட்டிய பிறகும் 2001-ல் பூஞ்சை தாக்கியது. அதனால் இப்போது ஆய்வாளர்கள்கூட நினைத்த நேரத்தில் நுழைய முடியாது.

நகல்தான்... ஆனாலும் சிலிர்க்கும்!

அப்படியானால் மக்கள் எதைப் பார்க்கிறார்கள்? நகலை! 1983-ல் குகையின் முக்கியப் பகுதிகளை மட்டும் அருகிலேயே அச்சு அசலாக உருவாக்கினார்கள். 2016 டிசம்பரில் திறக்கப்பட்ட 'லாஸ்கோ 4', லேசர் ஸ்கேன் உதவியுடன் ஏறக்குறைய முழுக் குகையையும் கண்முன் நிறுத்துகிறது. பாறையின் மேடுபள்ளம், மங்கிய வெளிச்சம், உள்ளே இருக்கும் குளிர்ச்சிகூட அப்படியே!

அசலைப் பார்த்தே தீர வேண்டுமா?

அதற்கும் வழி இருக்கிறது. லாஸ்கோ அமைந்துள்ள வெசேர் பள்ளத்தாக்கின் குகைகளை 1979-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்துவிட்டது. அங்குள்ள ஃபோந்-த-கோம் குகையில் அசல் வண்ண ஓவியங்களையே பார்க்கலாம். குறைந்த எண்ணிக்கையில்தான் அனுமதி. ரூஃபினியாக் குகையில் மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே மாமூத் யானை ஓவியங்களைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

கிளம்பும் முன்...

* பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து வாடகை கார் எடுப்பது வசதி.

* ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம் அதிகம். டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுங்கள்.

* கோடைக்காலத்திலும் ஸ்வெட்டர் அவசியம். குகைக்குள் குளிரும்.

* சனிக்கிழமை என்றால், பழைமையான சர்லா ஊரின் சந்தையை மிஸ் பண்ணாதீர்கள். வால்நட்டும் சீஸும் அந்தப் பகுதியின் ஸ்பெஷல்.

குகையைக் கண்டுபிடித்த நால்வரில் கடைசியாக இருந்தவரும் 2020-ல் காலமாகிவிட்டார். அவர்கள் முதன்முதலில் பார்த்த காளைகள் மட்டும், யாரும் வராத இருட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நகலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொருவரும் அந்த ஓட்டம் நிற்காமலிருக்க உதவுகிறார்கள்!