குரல் கேட்டுக் குடிவரும் பறவை

தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வழியாகச் சுங்கை பெசாருக்குப் போகும் சாலையில், நெல்வயலுக்கும் செம்பனைக்கும் இடையே சன்னலே இல்லாத உயரமான கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். சுவரில் வரிசையாகச் சிறு பிவிசி குழாய்கள், கூரையை ஒட்டி ஒரே ஒரு திறப்பு. கிட்டே போனால் பெரிய குருவிக் கூட்டமே உள்ளே இருப்பதுபோல் ஓயாத கீச்சொலி கேட்கும். அதில் பெரும்பகுதி ஒலிபெருக்கியிலிருந்து வருவது. இவை, கூடுகளை எடுப்பதற்காக வாலிட் பறவைகளுக்குக் கட்டிய வீடுகள். ஒரு பறவை தன் கூட்டுக்கு இடம் தேடும்போது எதைக் கேட்கிறது, யாரை நம்புகிறது என்பதை அறிய இவற்றைவிட நல்ல பாடம் இல்லை.

வாலிட், உழவாரக் குருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் குட்டைக் கால்களால் செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்க முடியும், கிளையில் உட்கார முடியாது. மாலையில் பட்டணத்து மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருப்பவை தகைவிலான்கள். வாலிட்டோ பகல் முழுதும் பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும். சரவாக்கின் நியா, சபாவின் கோமந்தோங் போன்ற குகைகள்தாம் அதன் பழைய குடியிருப்பு. இருட்டில் டிக் டிக் என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கொண்டு வழி அறியும். தன் எச்சிலையே இழை இழையாகச் சுவரில் பூசி, அரைக்கிண்ண வடிவில் கூடு கட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அதில் இரண்டு வெள்ளை முட்டைகள் இடும்.

இவ்வளவு உழைப்பைக் கேட்கும் கூட்டைத் தப்பான இடத்தில் கட்டினால் அந்த ஈடு முழுதும் வீண். பாம்பு ஏறுமா, ஆந்தை நுழையுமா, சுற்று வட்டாரத்தில் பூச்சி போதுமா என்பதையெல்லாம் இளம்பறவை தானே சோதித்துப் பார்க்க நாள் இல்லை. அதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு: தன் இனம் அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள், அங்கே நம்மவர்கள் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்ததைப் போன்றதுதான் இது. பலர் குஞ்சு பொரித்து வாழும் இடம் என்றால், அது வாழத் தகுந்த இடம் என்பதற்கு அவர்களே சாட்சி.

பறவை வீட்டின் அமைப்பு முழுக்க இந்த விசாரிப்புக்குச் சொல்லும் பதில். திறப்பருகே வைத்த ஒலிபெருக்கி, பறந்து போகும் பறவைகளை அழைக்கிறது. உள்ளே கூரையடியில் அடித்த பலகைகளை ஒட்டிச் சின்னச் சின்ன டுவீட்டர்கள் இருக்கும். அவற்றில் வருவது வேறு பதிவு. ஜோடிகள் பேசிக்கொள்ளும் ஒலியும் குஞ்சுகள் இரை கேட்கும் ஒலியும் மெதுவாகக் கேட்கும். தரையில் வாலிட் எச்சத்தைப் பரப்பி மணத்தையும் சேர்ப்பார்கள். குகைபோல் இருட்டும் ஈரமும் காக்கப்படும். ஒருமுறை கூடு கட்டிய பறவை பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். எனவே இந்த அழைப்பு, முதன்முறையாக இடம் தேடும் இளம்பறவைகளுக்கானது.

அழிந்த குடியிருப்பை மீட்கவும் இதே வழி உதவியிருக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற தீவில், வேட்டையால் பஃபின் என்னும் கடற்பறவை அடியோடு அற்றுப்போயிருந்தது. ஸ்டீபன் கிரெஸ் 1973-இல் கனடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து அங்கே வளர்க்கத் தொடங்கினார். வளர்ந்து கடலுக்குப் போனவை, வெறிச்சோடிய தீவில் இறங்கத் தயங்கின. 1977-இல் மரத்தில் செதுக்கிய பொம்மைப் பஃபின்களைப் பாறைகளில் நிறுத்தினார். பறவைகள் வந்து இறங்கின. 1981-இல் கூடு வைத்தன.

வேற்று இனத்தின் அனுபவத்தையும் பறவைகள் பயன்படுத்துகின்றன. வட ஐரோப்பாவில் பட்டாணிக் குருவிகள் குடியிருந்த பெட்டிகளில் ஆய்வாளர்கள் ஒரு வடிவத்தை வரைந்தார்கள். காலிப் பெட்டிகளில் சிலவற்றில் அதே வடிவம், சிலவற்றில் வேறு வடிவம். பருவத்தில் பிந்தி வந்த ஈப்பிடிப்பான்கள், பட்டாணிக் குருவிகளின் வடிவம் உள்ள பெட்டிகளையே மிகுதியாகத் தேர்ந்தெடுத்தன. இந்த ஆய்வு 2007-இல் வெளியானது.

இந்த நம்பிக்கையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காடுகளில், ஒரு கதிர்குருவி இனத்தின் பாட்டைக் கூடு வைக்கும் பருவம் முடியும் வேளையில் ஒலிபரப்பினார்கள். அடுத்த வசந்தத்தில், அவ்வினம் வழக்கமாகத் தவிர்க்கும் காட்டுக்கும் ஆண்பறவைகள் வந்து குடியேறின. 2008-இல் வெளியான இந்த முடிவு, கேட்ட குரலை நம்பிப் பறவை தகாத இடத்திலும் தங்கிவிடும் என்று காட்டுகிறது.

ஆகவே குரல் கொடுத்து அழைப்பவருக்குக் கடமை உண்டு. வாலிட் முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு பறந்து போக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கூட்டைப் பெயர்த்தால், ஒலிபெருக்கி சொன்ன சாட்சியம் பொய்யாகிறது. அளவுக்கு மீறிய கூடெடுப்பால் நியா குகையில் பறவைகள் பெருமளவு குறைந்துபோனதை நாம் கண்டிருக்கிறோம். சுவீடனின் கோட்லாந்து தீவில், ஒரு பகுதியின் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்துக் குறைத்தபோது, அங்கிருந்த ஈப்பிடிப்பான்களில் வழக்கத்தைவிட அதிகமானவை மறு ஆண்டு வேறு இடம் போயின. வரவைத் தீர்மானிப்பது குரல் என்றால், தங்குவதைத் தீர்மானிப்பது குஞ்சு.

இன்னொரு கடமை வயலில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் இந்த நெல்வயல்களில் எழும் பூச்சிகளும் வாலிட்டுக்கு உணவு. தேவைக்கு மேல் மருந்து தெளித்தால், எத்தனை இனிய குரலாலும் அந்த வீடுகளை நிரப்ப முடியாது. குஞ்சு பறந்த பின்பே கூட்டில் கை வைப்பது, வயலில் மருந்தை அளவோடு அடிப்பது: இந்த இரண்டையும் கடைப்பிடித்தால்தான் நாம் ஒலிபரப்பும் அழைப்பு உண்மையாக இருக்கும்.