பிரிக்கத் தெரிந்தால்தான் தைக்க வரும்!

பழைய பத்மினி காருக்குப் புதுச் சட்டை போட்ட தாராவித் தமிழர்

சயான் நிலையத்தில் ஸ்லோ லோக்கல் ஏறினால் அடுத்த நிலையம் குர்லா. உட்கார இடம் தேடுவதற்குள் இறங்க வேண்டியதுதான். இந்தச் சின்னப் பயணத்தை 41-வது வயதில், தொழில் பழகும் பையனாக, ஒரு வருடம் செய்திருக்கிறார் தாராவியில் வாழும் தமிழர் ஒருவர்.

பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் கெடுத்த ரெக்சினின் கதை இன்னும் வீட்டுக்குத் தெரியாதாம்! ஆகவே அவரை நாங்குநேரிக்காரர் என்றே அழைப்போம். பூர்வீகம் அதுதான்.

தாராவியில் தோல் தொழில் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் கொண்டு வந்த தொழில் என்பது மும்பைத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்குநேரிக்காரரும் 20 வருடம் தோல் பை தைத்தவர். பை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. பட்டறை மூடியது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது பட்டறை திறந்திருந்தது, ஆர்டர்தான் இல்லை.

மனைவி அதிகாலை 3 மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி விற்கிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. இட்லிக் காசில் வாடகை போனது, பள்ளிக் கட்டணம் நின்றது.

தையல் தையல்தானே!

குர்லா மேற்கில் சி.எஸ்.டி. ரோடு நெடுகிலும் கார் சாமான் கடைகள். அதன் சந்து ஒன்றில் சீட் கவர் தைக்கும் தமிழர் ஒருவர் இருக்கிறார். வயது 66. எல்லோருக்கும் அண்ணாச்சி. ஊர்க்காரர் ஒருவர் சொல்லிவிட, நாங்குநேரிக்காரர் போய் நின்றார்.

"தோல் தைச்சவனுக்கு ரெக்சின் தைக்க வராதா அண்ணாச்சி? தையல் தையல்தானே!" என்றார்.

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. மெஷினில் நூலைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய செய்தித்தாளை நீட்டினார். "நூல் இல்லாம, இந்த எழுத்து வரிசை மேலேயே ஓட்டுங்க தம்பி. கோடு விலகாம வரட்டும், பாப்போம்."

20 வருடம் மெஷின் மிதித்தவருக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. பக்கத்து மெஷினில் 19 வயது பீகார்ப் பையன். "அங்கிள், தலைப்புச் செய்தியில ஆரம்பிங்க, எழுத்து பெரிசு" என்று இந்தியில் கிண்டல் செய்தான்.

முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. நாங்குநேரிக்காரர் தன் பழைய ஊசிகளைக் கையோடு கொண்டு வந்திருந்தார். தோல் ஊசியின் முனை உளி மாதிரி, வெட்டிக்கொண்டு இறங்கும். தோல் தடிமனானது, அதைத் தாங்கும். ரெக்சின் என்பது துணிக்கு மேல் பூசிய பிளாஸ்டிக். (ரெக்சின் முதலில் இங்கிலாந்தில் ஒரு சரக்கின் வியாபாரப் பெயர். நம் நாட்டில் செயற்கைத் தோலுக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது.) உளி முனை பட்டால் அந்தப் பூச்சு வெட்டுப்பட்டு, சீட் இழுபடும்போது தையல் ஓரமாகவே கிழியும். இதற்கு உருண்டை முனை ஊசிதான் வேண்டும்.

இரண்டாவது பாடம், தையலை நெருக்கக் கூடாது. சட்டைத் துணியில் நெருக்கமான தையல் பலம். ரெக்சினில் அதுவே பலவீனம். தபால்தலைத் தாளில் துளை போட்டிருப்பதுபோல் ஆகி, ஒருவர் தொப்பென்று உட்கார்ந்தால் வரிசையாகப் பிய்ந்துவிடும். தையலுக்குத் தையல் 4, 5 மில்லிமீட்டர் விட வேண்டும். நூலும் பருத்தி ஆகாது. வெயிலிலும் வியர்வையிலும் இற்றுவிடும்.

மூன்றாவது பாடம்தான் பெரியது. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். ரெக்சினில் ஊசி இறங்கிய துளை மூடவே மூடாது. பிரித்தால் துளைகள் வரிசையாக நிற்கும்.

குர்லாவில் பிறந்த கார்

எட்டு மாதம் எடுபிடி வேலை. அதன் பிறகு வந்தது அந்த பத்மினி.

பத்மினியைத் தெரியாத மும்பைவாசி உண்டா? வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, இத்தாலியின் ஃபியட் மாடலை இதே குர்லாவில் செய்தது. 1964-ல் ஃபியட் 1100 டி. 1974-ல் சித்தூர் ராணியின் பெயரால் பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் கம்பு. கறுப்பும் மஞ்சளும் பூசி டாக்சியாக ஓடி ஓடி இந்த ஊரின் அடையாளமே ஆனது. கடைசி பத்மினி டாக்சி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது 2003 அக்டோபர் 29-ந் தேதி. டாக்சிக்கு 20 வருடம்தான் ஆயுள் என்பது விதி. ஆகவே 2023 அக்டோபர் கடைசியில் அதுவும் தெருவை விட்டுப் போயிற்று.

டாக்சிகள் இருந்தவரை சி.எஸ்.டி. ரோட்டில் பத்மினி சீட் அன்றாட வேலை. பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி என்று டிரைவர்கள் ஆசைப்பட்டதைத் தைப்பார்கள். 2015-ல் 'டாக்ஸி ஃபேப்ரிக்' என்று ஓவியக் கலைஞர்களைக் கொண்டு சீட் துணி வடிவமைத்த முயற்சிகூட நடந்தது. இப்போது வருவதெல்லாம் சொந்தக்காரர்கள் ஆசையாகப் பாதுகாக்கும் கார்கள்.

இந்தக் கார் 1974 மாடல். சொந்தக்காரர் செம்பூரில் வாழும் தமிழர், 72 வயது, காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து அவருடைய அப்பா வாங்கிய வண்டி.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யும் விதி 2021-ல் வந்தது. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. சீட் உறை அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோனால் அசல் மாதிரி இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் பெரியவர் ஒரே பிடிவாதமாக இருந்தார்: பழைய கருஞ்சிவப்பு, பழைய கோடு, ஒன்றும் மாறக் கூடாது.

அந்த நிறம் இப்போது கடைகளில் இல்லை. பல கடை ஏறி இறங்கி, ஒரு கடைப் பரணில் ரோல் முடிவில் கிடந்த துண்டு மட்டும் கிடைத்தது. கணக்குப் போட்டால் சரியாக இருக்கும். ஒரு சாண்கூட மிச்சமில்லை.

"அப்பா உட்கார்ந்த பள்ளம்!"

புது மாடல் காருக்கு உறை தயாராகவே வருகிறது. கம்ப்யூட்டர் மெஷின் வெட்டித் தள்ளுகிறது, மாட்டிவிட வேண்டியதுதான். 50 வருடத்துச் சீட்டுக்கு அது நடக்காது. உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு உருவமாகியிருக்கும்.

அதனால் பழைய உறையைப் பிரிப்பதுதான் முதல் வேலை. சும்மா கிழித்துவிடக் கூடாது. பிரிக்கும் முன்பே, இரண்டு துண்டு சேரும் இடமெல்லாம் குறுக்கே சாக்பீஸ் கோடு. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண், எந்தப் பக்கம், மேல் எது, கீழ் எது என்ற குறிப்பு. உறையின் ஓரத்துக்குள் ஓடும் கம்பியைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்தக் கம்பியைத்தான் இடுக்கியால் நெரிக்கும் வளையங்களைப் போட்டு சட்டத்தோடு பிணைப்பார்கள். கம்பி தொலைந்தால் உறை இறுகாது. நாங்குநேரிக்காரர் இந்தப் பிரிப்பு வேலைக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

உள்ளே சுருள் ஸ்பிரிங், அதன் மேல் சாக்கு, தேங்காய்நார், பஞ்சு. பின்சீட்டின் இடது பக்கம் நல்ல பள்ளம். சரிசெய்யப் போனபோது பெரியவர் தடுத்தார்.

"அதை விட்டுடுங்கோ. எங்கப்பா எப்பவும் உட்கார்ற இடம். அப்பா உட்கார்ந்த பள்ளம்!"

"சார், இது பள்ளம் இல்ல. ஸ்பிரிங் ஒடிஞ்சு போச்சு" என்று ஒடிந்த முனையைக் காட்டினார் அண்ணாச்சி. பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லிவிட்டார்.

ஃபோமை அதிகமாக வைத்தால் சீட் உயர்ந்து, ஓட்டுகிறவர் தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும். பழைய உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு அதே அளவுக்குத்தான் திணித்தார்கள்.

இரண்டு அங்குலம்

அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போன நாள். முன்சீட்டின் நடுப்பகுதியை வெட்டும் வேலையை நாங்குநேரிக்காரர் தானே செய்தார். நெடுக்காகக் கோடு கோடாக மெத்தைத் தையல் போட்ட பகுதி அது. பழைய துண்டை ரெக்சின் மேல் விரித்தார், சுற்றிலும் வரைந்தார், வெட்டினார். அடியில் மெல்லிய ஃபோம் வைத்து எட்டுக் கோடும் தைத்தார். ஒவ்வொரு கோடும் ஸ்கேல் வைத்தது போல வந்தது. பீகார்ப் பையனே தலையாட்டினானாம்.

சட்டத்தில் வைத்துப் பார்த்தார். அகலத்தில் 2 அங்குலம் குறைவு!

மெத்தைத் தையலில் ஒவ்வொரு கோடும் ரெக்சினைக் கொஞ்சம் உள்ளே வாங்கும். கோட்டுக்கு இரண்டு நூல் அளவு. (தையல்காரர், ஆசாரி கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல்.) எட்டுக் கோட்டுக்கு 16 நூல், அதாவது 2 அங்குலம். அவர் வைத்து வரைந்ததோ ஏற்கெனவே தைத்துச் சுருங்கிய துண்டு. அந்தக் கோடுகளையும் பிரித்து, துண்டைத் தட்டையாக்கிவிட்டு வரைந்திருக்க வேண்டும். அல்லது முதலில் அகலமாகத் தைத்துக்கொண்டு, பிறகு அளவுக்கு வெட்டியிருக்க வேண்டும்.

பிரிக்கவும் வழியில்லை. பிரித்தால் எட்டு வரிசைத் துளை. வேறு ரெக்சினும் இல்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தார். அன்று சயானில் இறங்காமல் தாதர் வரை போய்விட்டுத் திரும்பினாராம்.

மறுநாள் அண்ணாச்சி துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தையல் நல்லாத்தான் இருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்கிறார் நாங்குநேரிக்காரர்.

"ரெக்சின் காசைக் கூலியில பிடிச்சுக்கிடுதேன். அது இருக்கட்டும். இப்ப சீட்டுக்கு என்ன வழி, சொல்லுங்க."

அப்போதுதான் நாங்குநேரிக்காரருக்குத் தான் பிரித்த இரண்டு நாளும் நினைவுக்கு வந்தது. பின்சீட்டின் உட்காரும் பகுதியில், சாய்மானத்துக்கு அடியில் போய் மறையும் பட்டையில் ரெக்சினே இல்லை, வெறும் கித்தான். முன்சீட்டிலும் முதுகும் இருக்கையும் சந்திக்கும் இடுக்கில் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கம்பெனிக்காரன் அன்றைக்கே மிச்சம் பிடித்திருக்கிறான்! எண் போட்டு எழுதி வைத்த குறிப்பிலும் அது இருந்தது. அண்ணாச்சியோ, கார் பெரிய மனுஷன் கார் என்று எல்லாவற்றுக்கும் ரெக்சினே கணக்குப் போட்டிருந்தார்.

"அந்த மூணு இடத்துலயும் பழையபடி கித்தான் வச்சா..." என்று இழுத்தார்.

அண்ணாச்சி சாக்பீஸை எடுத்து, மீதி ரெக்சின் மேல் திரும்ப வரைந்தார். மூன்று நீளத் துண்டு தேறியது. மூன்றையும் இணைக்கும் தையலை மெத்தைக் கோட்டின் இடத்திலேயே வரும்படி அமைத்தார்கள். கோடுகளுக்கு நடுவில் ஒட்டு எது என்று சொந்தக்காரராலும் சொல்ல முடியாது. இந்த முறை 2 அங்குலம் கூட்டியே தைத்தார்.

மாட்டும் வேலையும் லேசில்லை. ரெக்சினை வெயிலில் காயவைத்தால் இளகி நன்றாக இழுபடும். அது ஜூலை மாதம். மும்பையில் சூரியன் எங்கே? பீகார்ப் பையன் பக்கத்து சலூனிலிருந்து முடி உலர்த்தும் மெஷினை இரவல் வாங்கி வந்தான். ஒருவர் சூடு காட்ட, ஒருவர் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுக்க, ஒருவர் வளையத்தை நெரிக்க, மூன்று பேருக்கும் ஒரு முழுநாள் போயிற்று.

பெரியவர் வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். பின்னால் போய் இடது பக்கமும் உட்கார்ந்து பார்த்தார். பிரித்த பழைய துண்டுகளில் ஒன்றை, அந்த இடது மூலைத் துண்டை, கேட்டு வாங்கிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். மற்றவை எண்ணோடு அண்ணாச்சி கடை ஆணியில் தொங்குகின்றன. அடுத்த பத்மினிக்கு ஆகும்.

ரெக்சின் காசு மூன்று வாரக் கூலியில் கழிந்தது. அதன் பிறகு நாங்குநேரிக்காரருக்குத் தனி மெஷின். இப்போது பழைய வண்டி எது வந்தாலும் பிரிக்கும் வேலை அவருக்குத்தான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணப் பாக்கியும் தீர்ந்துவிட்டது.

சென்ற மாதம் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. சீட் இருக்கிறது, உறை இல்லை. பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை, எலி தின்றுவிட்டது.

"இதுக்கு என்ன செய்ய அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளையும் சாக்பீஸையும் நீட்டினார். சீட் மேல் தாளைப் போர்த்தி, மூலைக்கு மூலை மடித்து, வளைவுக்கு வளைவு ஒட்டி, அதையே உறையாக நினைத்து அளவு எடுக்க வேண்டுமாம். நான்கு நாளாக அதில்தான் இருக்கிறார் நாங்குநேரிக்காரர். ஒரு மூலை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.