பாட்டனார் வீடும் பிள்ளைகளும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு எழுப்புவதா, அன்றிப் பழுது பார்ப்பதா என்னும் வழக்கு எங்கள் குடும்பத்தில் ஈராண்டு நடந்தது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் நாங்கள் இடிக்கவே சொன்னோம். தம்பிதான் அதில் முதல்வன். ஊரிலேயே இருக்கும் அம்மா, "திண்ணையை இடிச்சுப்போட்டா நான் யாருகூடப் பேசறது?" என்று கேட்டார்கள். எங்களிடம் விடை இல்லை.

கனத்த மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள், மேலே ஓடு: பாலக்காட்டுக் கணவாயின் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ற அமைப்பு. சித்தூர் வட்டம் கொச்சி இராச்சியத்தில் இருந்து, 1956இல் கேரளத்தின் பகுதியானது வரை அவ்வீடு கண்டிருக்கிறது.

முதல் வேலையே தவறாயிற்று. ஈரம் ஏறிய சுவரடியில் சிமெண்டு பூசினோம். மறு மழையில் பூச்சு உப்பி விழுந்தது. உடன் மண்ணும் பெயர்ந்தது. மண் சுவர் தரையிலிருந்து உறிஞ்சிய ஈரத்தைத் தன் முகத்தின் வழியே வெளிவிட வேண்டும். சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடுகிறது. அதைக் கொத்தியெடுத்து, நீர் தேங்காதவாறு சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, சுவரைக் காயவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவை ஏற்று மெல்லத்தான் இறுகும். விடுமுறையில் வந்த அவசரக்காரருக்கு அது உகந்ததன்று.

இலண்டனில் 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் மன்னர்கள் காலத்தில் எழுந்த வீடுகளின் செங்கற் சுவர்களும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவையே. அங்கும் இதே எச்சரிக்கைதான். ஆனால் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த வீடாயின், அதன் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளாட்சி மன்றத்தின் இசைவு வேண்டும். எங்கள் வீட்டைக் காக்க அம்மாவின் ஒரு கேள்வியன்றி வேறு சட்டம் இருக்கவில்லை.

இரவில் கொல்லைக்கு நடக்க அம்மாவால் இயலாது. ஆகவே பின் தாழ்வாரத்தை ஒட்டித் தனிச் சுவர் எழுப்பிக் குளியலறையும் கழிப்பறையும் அமைத்தோம். தண்ணீர்க் குழாய் மண் சுவரைத் தொடவேயில்லை. மின்கம்பிகள் சுவரைக் கொத்தாமல் மேலோடிய குழாய்களில் சென்றன. இருண்ட சமையலறைக்கு இரண்டு கண்ணாடி ஓடுகள் போதுமாயின. தாழ்ந்த நிலைவாயிலில் பேரப்பிள்ளைகள் தலை இடித்துக்கொள்கிறார்கள். குனிந்து செல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

செலவு குறைவென்று சொல்லமாட்டோம். இப்பொழுது மேற்குச் சட்டம் ஒன்றில் கரையான் தென்படுகிறது. மாற்றுச் சட்டத்துக்குப் பணம் அனுப்புவதாகத் தம்பி எழுதியிருக்கிறான்.