ஐ-லீக்

ஐ-லீக் என்பது இந்தியாவின் ஆண்கள் கால்பந்துக் கழகங்களுக்கு இடையே நடத்தப்பட்டு வந்த ஒரு கூட்டிணைவுத் தொடர் ஆகும். 1996 இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கிற்கு மாற்றாக, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதனை 2007 இல் 10 கழகங்களுடன் தொடங்கியது. முதல் பருவத்தில் கோவாவின் டெம்போ கழகம் வாகை சூடியது. 2022-23 பருவம் முதல் ஐ-லீக் முறைப்படி இரண்டாம் நிலைத் தொடரானது.

நிலை மாற்றம்

2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கப்பட்டது. அதில் அணிகள் உரிமக் கட்டணம் செலுத்தி இடம் பெற்றன. எனவே ஐ-லீக்கில் முதலிடம் பெற்றாலும் அங்கு செல்ல வழி இருக்கவில்லை. ஐசால் (2016-17), மினர்வா பஞ்சாப் (2017-18) ஆகிய சிறிய கழகங்கள் இந்த நிலையிலேயே பட்டம் வென்றன.

சென்னை சிட்டி

கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் விளையாடிய சென்னை சிட்டி, 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசு பயிற்சியளித்த இக்கழகம், 2018-19 இல் 43 புள்ளிகளுடன் வாகையர் பட்டம் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. பெத்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். அப்போது தரவுயர்வு முறை இல்லாததால் கழகம் ஐ-லீக்கிலேயே தொடர்ந்தது. 2020-21 பருவத்திற்குப் பின் அது இத்தொடரில் விளையாடவில்லை.

தரவுயர்வு

2022-23 முதல், ஐ-லீக் வாகையர் உரிம விதிகளை நிறைவு செய்தால் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர முடிந்தது. இவ்வாறு முதலில் உயர்ந்தது பஞ்சாப் கழகம். 2023-24 இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் உயர்ந்தது. ஐ-லீக்கில் கடைசி இடங்களைப் பெற்ற அணிகள் மூன்றாம் நிலையான ஐ-லீக் 2 இற்கு இறக்கப்பட்டன. 2022-23 இல் மும்பை கென்கரே, சுதேவா டெல்லி ஆகியவை அவ்வாறு இறங்கின. ஆனால் அப்பருவத்திலும் அடுத்த பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக்கிலிருந்து எந்த அணியும் கீழிறக்கப்படவில்லை.

ஒப்பீடு

தென் கொரியாவில் 2013 இல் இரண்டாம் நிலைத் தொடர் தொடங்கியபோதே தரவுயர்வும் தரவிறக்கமும் நடைமுறைக்கு வந்தன. அத்தொடர் 2018 முதல் கே லீக் 2 எனப்படுகிறது. இந்தியாவிலோ உயர்நிலைத் தொடர் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே தரவுயர்வு வந்தது. சென்னை சிட்டியின் பட்டம் அந்த இடைவெளியில் கிடைத்ததாகும்.