"வெறும் சளிதானே... அதுக்கு ஊசியா?" - ஃப்ளூ தடுப்பூசிக்கு வீட்டுப் பெரியவர்கள் தயங்குவது ஏன்?

படப்பையில் பல வீடுகளின் தினசரி இதுதான். மகனும் மருமகளும் ஒரகடம் பக்கம் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தாத்தா, பாட்டி. கம்பெனி பஸ்ஸில் ஒட்டிக்கொள்ளும் இருமலும், ஸ்கூலிலிருந்து வரும் காய்ச்சலும் கடைசியில் வந்து சேர்வது இவர்களிடம்தான்.

இளைஞர்களுக்கு ஃப்ளூ நான்கைந்து நாள் அவஸ்தை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை, பி.பி, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு அது நிமோனியாவாக மாறலாம். ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு அதிகம் என்று 2018-ல் வெளியான கனடா ஆய்வு ஒன்று சொன்னது.

ஆனால், தடுப்பூசி போட்டவர்கள் எத்தனை பேர்? 2017-18-ல் 45 வயதைத் தாண்டிய இந்தியர்களிடம் மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில், ஃப்ளூ ஊசி போட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை!

என்ன காரணம்?

"யாருமே சொல்லலையே!"

முதல் காரணம் இதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தேதி சொல்லி, கூப்பிட்டுத் தடுப்பூசி போடுகிறார்கள். முதியோருக்கான ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. பிரிட்டனில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இது இலவசம். அழைப்பும் வீடு தேடி வருகிறது. அங்கே நான்கில் மூன்று பேர் போட்டுக்கொள்கிறார்கள்.

வருஷா வருஷம் செலவு

இங்கே பெரும்பாலும் தனியார் கிளினிக்கில்தான் போட வேண்டும். பிராண்டைப் பொறுத்து ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகிறது. தாத்தா, பாட்டி இருவருக்கும் என்றால் இரட்டிப்பு. அதுவும் ஒருமுறையோடு முடிவதில்லை. ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால், ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை பரிந்துரைக்கிறது. "பிள்ளைக்கு ஏன் செலவு வைக்கணும்" என்று நினைக்கும் பெரியவர்கள் வாய் திறந்து கேட்கவே மாட்டார்கள்.

ஊசி பயம்

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டே நாளில் மறைந்தது தமிழகத்தையே உலுக்கியது. அவர் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பின்னர் சொன்னாலும், பலரது மனதில் பயம் தங்கிவிட்டது. இந்தியாவில் பெரியவர்களுக்கு வழக்கமாகப் போடப்படும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வராது. கைவலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம்.

"போட்டும் சளி பிடிச்சுதே!"

உண்மைதான். சளி, காய்ச்சலுக்குக் காரணமான வைரஸ்கள் ஏராளம். இந்த ஊசி ஃப்ளூவுக்கு மட்டும்தான். அதிலும் நூறு சதவிகிதப் பாதுகாப்பு கிடையாது, வயதானவர்களுக்கு இன்னும் சற்றுக் குறைவு. ஆனால், நோய் தீவிரமாகி ஆஸ்பத்திரியில் சேரும் ஆபத்தை இது குறைக்கும்.

எப்போது போடுவது?

வட இந்தியாவின் பல பகுதிகளில் ஃப்ளூ உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னை வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில். எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது.

போகும் முன் கவனிக்க...

* வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

* முட்டை அலர்ஜி, முன்பு ஊசியால் வந்த கடும் ஒவ்வாமை, கை கால் செயலிழக்கும் நரம்புப் பாதிப்பு இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* காய்ச்சல் அடிக்கும்போது போட வேண்டாம். குணமானதும் போடலாம்.

* அந்த சீசனுக்கான மருந்துதானா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தப் பையில் ஒருநாள் ஃப்ளூ ஊசியும் இலவசமாக வந்தால், பாதித் தயக்கம் தீர்ந்துவிடும். அதுவரை கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகள்தான். அடுத்த சம்பள நாளில், "அப்பா, இந்த வருஷ ஊசியைப் போட்டுட்டு வந்துடலாமா?" என்று கேட்டுப் பாருங்களேன்!