வட்டத்துக்குள் ஒரு பிள்ளை

பிள்ளை யாருக்கு? பெற்றவளுக்கா, வளர்த்தவளுக்கா? திருச்சுழியில் எந்த டீக்கடையில் இதைக் கேட்டாலும், கிளாஸ் காலியாவதற்குள் பெஞ்சு இரண்டு கட்சியாகிவிடும். ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் இருந்தபோது, 1944-இல், இந்த வழக்கை வைத்து ஒரு நாடகம் எழுதினார். காக்கேசியச் சுண்ணக்கட்டி வட்டம் என்பது அதன் பெயர்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியாவில் கலகம், கவர்னர் தலை போகிறது. எந்தப் பட்டாடையை எடுப்பது, எதை விடுவது என்று பெட்டி கட்டும் மும்முரத்தில் அவர் மனைவி கைப்பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறாள். அடுப்படி வேலை செய்யும் குருஷா அதைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறாள். வழியில் ஒரு கிழவரிடம் பால் கேட்கிறாள். சிப்பாய்கள் ஆடுகளைப் பிடித்துப் போன ஆத்திரத்தில் அவர் யானை விலை சொல்கிறார். கட்டுப்படியாகாமல் திரும்பி உட்கார்ந்து, பாலில்லாத தன் மார்பையே பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்கிறாள். அப்புறம் எழுந்துபோய் மறுபடி கதவைத் தட்டி, காசை எண்ணிக் கொடுக்கிறாள். அவள் தாயானது அந்த இடத்தில்தான் என்பேன்.

சண்டை ஓய்ந்ததும் பெற்றவள் வக்கீல்களோடு வருகிறாள். சொத்தெல்லாம் பிள்ளை பேரில் இருக்கிறது. நீதிபதி அஸ்டாக், குளறுபடியான காலத்தில் நாற்காலியில் உட்கார்த்தப்பட்ட ஊர் எழுத்தர். லஞ்சம் வாங்குவான், ஆனால் தீர்ப்பு பெரும்பாலும் இல்லாதவர் பக்கம் சாயும். தரையில் வட்டம் போட்டு, பிள்ளையை நடுவில் நிறுத்தி, இருவரையும் இழுக்கச் சொல்கிறான். பிள்ளைக்கு வலிக்குமே என்று குருஷா விட்டுவிடுகிறாள். இன்னொரு தரம் இழுக்கச் சொன்னபோதும் விட்டுவிடுகிறாள். பிள்ளை அவளுக்குத்தான் என்கிறான் அஸ்டாக்.

சாலமோன் ராஜா கதையிலும், புத்த ஜாதகக் கதையிலும், பிரெக்ட் கையில் எடுத்த யுவான் காலத்துச் சீன நாடகத்திலும் விட்டுக்கொடுப்பவள் பெற்றவள். பிரெக்ட் அதைத் திருப்பிப் போட்டார். பக்கத்து இலங்கையில் ஹென்றி ஜயசேன 1967-இல் இதைச் சிங்களத்தில் ‘ஹுணுவட்டயே கதாவ’ என்று மேடையேற்றினார். அவரே அஸ்டாக், மனைவி மனேல் குருஷா. தலைமுறைகள் தாண்டியும் அங்கே அதைப் பேசுகிறார்கள்.

நம் பக்கத்துக்கு இந்த நாடகத்தில் இன்னும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பிள்ளை வழக்குக்கு முன்னால் ஒரு முன்காட்சி வருகிறது. போர் முடிந்திருக்கிறது. ஒரு பள்ளத்தாக்குக்கு இரண்டு ஊர்க் கூட்டுப்பண்ணைகள் உரிமை கேட்கின்றன. ஆடு வளர்ப்பவர்களுக்கு அது பூர்வீக மேய்ச்சல் நிலம். பழத்தோட்டக்காரர்களோ அணை கட்டி, தரிசாய்க் கிடக்கும் 300 ஹெக்டேருக்குத் தண்ணீர் கொண்டுவரத் திட்டம் போட்டிருக்கிறார்கள். நிலம் அவர்களுக்குப் போகிறது. 1948-இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் இந்தக் காட்சியே இல்லை. மேடையிலும் பலர் வெட்டிவிடுகிறார்கள்.

குண்டாறு ஆண்டில் பாதி நாள் மணலாய்க் கிடக்கும் ஊரில் இதை வெட்டினால் நாடகத்தின் உயிரே போய்விடும். பட்டா ஒருவர் பேரில் இருக்க, கண்மாய் மடையைக் காத்து, வரத்துக்கால் வெட்டி, கரிசலில் மல்லியும் பருத்தியும் எடுத்தவர் வேறொருவராக இருப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பிள்ளை வழக்கு அவர்களுக்கு நில வழக்காகவே காதில் விழும்.

அதே நேரம் பிரெக்டை அப்படியே நடவும் முடியாது. அவர் நாடகத்தில் ஆட்டுக்காரர்கள் சீக்கிரம் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். இங்கே அறுப்பு முடிந்த காட்டில் செம்மறிக் கிடை போட்டால் அந்தப் புழுக்கையும் மூத்திரமுமே அடுத்த வெள்ளாமைக்கு உரம். நிலத்தை வளர்த்ததில் கிடை போடும் கீதாரிக்கும் பங்கு உண்டு. அவர் வழக்கை வலுவாக நின்று பேசட்டும். தீர்ப்பு சொல்கிறவர் திணறட்டும்.

ஆடும் முறைக்கும் வெளியூர் தேட வேண்டாம். பிரெக்ட் நாடகத்தில் பாடகர் ஒருவர் மேடையோரம் இருந்து கதையைப் பாடிச் செல்கிறார். நம் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரருக்கு அது கைவந்த வேலை. அஸ்டாக்குக்குப் பஃபூன் இருக்கிறார். குருஷாவுக்கு ஸ்திரீபார்ட் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்க நான் யோசிக்கவே மாட்டேன். அரிச்சந்திர மயான காண்டத்தில், பாம்பு தீண்டி இறந்த மகனை மடியில் கிடத்தி, சுடலைக் கூலிக்கு வழியில்லாமல் சந்திரமதி கதறும்போது கூட்டத்தை அழவைப்பவர்கள் அவர்கள். செய்யாத கொலைக்குத் தண்டிக்கப்பட்டுக் கணவன் வாளுக்கே கழுத்தைக் கொடுக்கும் அந்தத் தாயின் வழக்கை விடிய விடியக் கேட்ட ஊர்கள் இவை.

நாடக சங்கத்துக் கலைஞர்களுக்கும் திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பங்குனிப் பொங்கலுக்கு வள்ளி திருமணத்தோடு இன்னொரு ராத்திரி ஒதுக்கி, இந்த நாடகத்தை எடுத்து ஆடுங்கள். தண்ணீர்க் காட்சியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.