காலை ஒளியும் கணவர் கையும்

பிள்ளைத்தாய்ச்சி என்றால் பூரித்திருப்பாள் என்றே நினைக்கிறோம். என் மாணவன் ஒருவனின் தாயார், ஐந்து மாதம், இருட்டறையில் கிடந்து அழுதார். "வேலைக்குச் சோம்பல்" என்றார் மாமியார். சோம்பல் அல்ல, அது மனச்சோர்வு என்னும் நோய்.

மாத்திரைக்குப் பயந்து, வாய்விட்டுச் சொல்லவும் கூசும் தாய்மாருக்கு வேறு வைத்தியம் உண்டா? சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. 27 கர்ப்பிணிகள், 5 வாரம், தினமும் விழித்தெழுந்ததும் ஒரு மணி நேரம் விளக்கின் முன் அமர்ந்தார்கள். சிலருக்கு 7,000 லக்ஸ் வெள்ளொளி. மற்றவர்களுக்கு 70 லக்ஸ் மங்கிய சிவப்பு. வெள்ளொளி பெற்றவர்களே அதிகம் தேறினர். காலை ஒளி உடலின் கடிகாரத்தைத் திருத்துகிறதாம். சோதித்தது விளக்கைத்தான், வெயிலை அல்ல. ஆனாலும் மூடிய அறையைவிட வாசலில் வெளிச்சம் பல மடங்கு. அங்கே உட்கார காசு வேண்டாமே!

அமெரிக்காவின் மியாமியில் கணவன்மாருக்குப் பழக்கிக் கொடுத்து, வாரம் இருமுறை மனைவிக்கு இதமாக உடம்பு பிடித்துவிடச் செய்தார்கள். சோர்வு குறைந்தது. (ஆண்கள் இவ்வரியை இருமுறை படிக்கலாம்.)

இத்தகைய வைத்தியங்களை 2013-இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவுக்கு 6 ஆய்வுகள், 402 பெண்களே கிடைத்தனர். உறுதியாகச் சொல்ல அது போதவில்லை. ஆகவே மருத்துவர் தந்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. சாகும் எண்ணம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தத் தாயார் அடுத்த பரிசோதனையன்று மிஸ்ஸியிடம் அழுதேவிட்டார். மருத்துவரைப் பார்க்கத் தேதி கிடைத்தது. கணவரும் வேலைக்கு லீவு போட்டுக் கூடப் போனார்.